ஊசிக்குக் கட்டிய வேப்பிலை

சென்னை
21.6.2009

அன்புள்ள ஜெயாவுக்கு,

தேவகி எழுதுவது. நானும் என் சளியும் சௌக்கியம். உங்கள் வீட்டில் மாடு கன்று முதல் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க கம்பெனியில் செல்போன் தயாரிக்கிற உன்னோடு காகிதத்தில் பேச வேண்டியிருக்கிறதே என்று நீ முனகுவது காதில் விழுகிறது. என்ன செய்ய? எங்கள் நர்சிங் ஹாஸ்டல் வார்டன் எல்லார் போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

எல்லம்மாள் பெரியம்மாவின் முதல் திதிக்கு வர முடியவில்லை. உன் அம்மாவிடம் சொல். கூடப் பிறந்த அக்காவைப் பறிகொடுத்துவிட்டு அவர் எப்படி அழுதிருப்பார் என்று தெரியும். ஒன்று சொல்கிறேன் ஜெயா. நர்சுக்குப் படிப்பவள் நான். ஆனால் பெரியம்மாவின் அறைக்குள் மூக்கைப் பொத்தாமல் போனவள் நீ ஒருத்திதான். கடைசி வரைக்கும் நீதான் துணி மாற்றினாய். இங்கே வார்டில் எனக்குக் கை கூசும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மாவுக்கு வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அது வராமல் காக்க ஒரு தடுப்பூசி போன வருஷம் நம் நாட்டுக்கு வந்திருக்கிறது, எச்.பி.வி. தடுப்பூசி. இளம்பெண்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று விசாரித்து வரச் சொல்லி எங்களைக் கல்லூரி கல்லூரியாக அனுப்பினார்கள். முக்கால்வாசிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவர்களும், ‘நல்லா இருக்கிற பொண்ணுக்கு எதுக்கு ஊசி’ என்று சிரித்தார்கள். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ சிரித்திருக்க மாட்டாய்.

இன்னொரு சங்கதி. அம்மா உன் ஜாதகத்தை வாங்கிப் பார்த்தாளாம், என் அண்ணன் ஜாதகத்தோடு பொருந்துகிறதாம். உத்திரமேரூர் நெல் மண்டியே அதிர ஏலம் கூவுகிறவன் வேதகிரி அண்ணன். உன் பேரை எடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் தோழி,
தேவகி


மானாம்பதி
5.7.2009

அன்பான தேவகிக்கு,

உன் சளி தேவலையா? இங்கே எல்லோரும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்கிறோம். கறவை மாடு மட்டும் கோபத்தில் இருக்கிறது, அம்மா தவிட்டைக் குறைத்துவிட்டாள்.

உன் கடிதத்தை மூன்று நாளாக கம்பெனி பஸ்ஸில் வைத்து வைத்துப் படித்தேன். உன் அண்ணன் விஷயத்தை அல்ல, ரொம்ப ஆசைப்படாதே. ஊசி விஷயத்தை.

பெரியம்மா இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை, தெரியுமா? துணியைத் தனியாகத் துவைத்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறார். நாற்றம் வந்த பிறகுதான் வாய் திறந்தார். காஞ்சிபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரி லேடி டாக்டர், ‘முதலிலேயே வந்திருக்கக் கூடாதா அம்மா’ என்று கேட்டபோது பெரியம்மா தலை நிமிரவில்லை. ‘வெக்கமா கீதுமா, இத்த போயி எப்டி சொல்றது’ என்றார். எனக்கு அந்த வெட்கத்தின் மேல்தான் கோபம். நோயின் மேல் கூட அவ்வளவு இல்லை.

பஸ்ஸில் பெண்களிடம் ஊசியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பிரியங்கா என்று ஒருத்தி, என் பக்கத்து சீட், நல்ல பெண்தான். ‘நமக்கு எதுக்குப்பா? அது கெட்ட சகவாசம் கீறவங்களுக்கு’ என்றாள். என் பெரியம்மாவுக்கு எந்த சகவாசம் இருந்தது, பெரியப்பாவையும் நாற்றங்காலையும் தவிர? இன்னொருத்தி, அதைப் போட்டால் பிள்ளை பிறக்காது என்றாள். மூன்றாமவள், ‘நாளைக்கு புருஷன் கேட்டா இன்னான்னு சொல்றது’ என்றாள். இல்லாத புருஷனுக்கு இப்போதே பயப்படுகிறாள்.

அதனால் நீ எனக்கு ஒழுங்காக எழுது. பிள்ளை பிறக்குமா? கல்யாணத்துக்கு முன்னால் போடலாமா? முக்கியமான கேள்வி கடைசியில்: நீ போட்டுக்கொண்டாயா?

ஜெயப்பிரியா


சென்னை
9.8.2009

அன்புள்ள ஜெயா,

தேர்வு இருந்ததால் தாமதம். திட்டாதே.

பிள்ளை பிறப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். கல்யாண வாழ்க்கையில் யாருக்கும் ஒட்டலாம், ஒழுக்கமானவர்கள், இல்லாதவர்கள் என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்வது நல்லது என்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. ஊசி போட்டாலும் பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அதை விட்டுவிடக் கூடாது. விலைதான் கொஞ்சம் அதிகம்.

நீ பஸ்ஸில் பேசியதைப் படித்து என் தோழிகளுக்கெல்லாம் காட்டினேன். நாங்கள் கேள்வித்தாளை நீட்டிவிட்டுப் பதிலை எழுதிக்கொண்டு வந்தோம். நீ ஓடுகிற பஸ்ஸில் சண்டையே போட்டிருக்கிறாய்.

ஆடிக் கூழுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வருஷா வருஷம் முதல் ஆளாக நின்று கூழ் ஊற்றுகிறவள் இந்த வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. ‘மூட்டு வலிக்குது, நீ போய்ட்டு வா’ என்று என்னை அனுப்பிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். விலக்கெல்லாம் நின்று நாலைந்து வருஷம் ஆகிறது, கோயிலுக்கு வர என்ன தடை? சோம்பேறித்தனம் என்று சொல்லிச் சண்டை போட்டேன். இளைத்தும் போயிருக்கிறாள். ஆவணி பிறந்ததும் உங்கள் வீட்டுக்கு வரும் உத்தேசம் மட்டும் பலமாக இருக்கிறது.

அன்புடன்,
தேவகி


மானாம்பதி
6.9.2009

தேவகி,

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் நைசாக முழுங்கிவிட்டாய். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் ஊசி போட்டுக்கொண்டேன். கம்மலுக்கு என்று வைத்திருந்த சம்பளப் பணத்தை எடுத்துக்கொண்டு போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை அம்மாவோடு காஞ்சிபுரம் போனேன். அந்த லேடி டாக்டர், ‘உங்க பக்கத்துலேருந்து இதைக் கேட்டு வந்த முதல் பொண்ணு நீதான்’ என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கை மட்டும் இரண்டு நாள் வலித்தது.

இனிமேல்தான் கூத்து. அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், ‘அந்தக் காலத்துல அம்மை குத்துவாங்களே, அது மாதிரி பெரியம்மாவுக்கு வந்தது வராம இருக்க ஒரு ஊசி’ என்று சொல்லியிருந்தேன். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், வாசல் நிலையில் வேப்பிலை தொங்குகிறது. வீட்டில் தாளிப்பு இல்லை, மீன் இல்லை. எனக்குக் கூழும் மோரும் எடுத்து வைத்திருக்கிறாள். ‘இன்னாமா இது’ என்றால், ‘அம்ம குத்தினா கட்டணும்டி. எங்கம்மா எனக்கு கட்னாங்க. வேற ஊசின்னா அம்மன் வேற ஆளா?’ என்கிறாள். அக்காவுக்குச் செய்ய முடியாததையெல்லாம் எனக்குச் செய்கிறாள் என்று புரிந்தது. சிரிக்க வந்தவள் கூழைக் குடித்துவிட்டேன்.

ஆனால் நான் வருவதற்கு முன்னாலேயே காரியம் கெட்டிருந்தது. அன்று காலையில் உன் அம்மா சரசு அத்தையும் வேதகிரியும் சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்க வந்திருக்கிறார்கள். கையில் பூவும் பழமும். சரசு அத்தை படலைத் திறந்து நாலடி வைத்திருக்கிறார். வேப்பிலையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாராம், முகம் வெளுத்துப்போய். அம்மா பதறிப்போய் ஓடி, ‘அய்ய, வூட்ல யாருக்கும் அம்ம இல்ல, உள்ள வாங்க. பொண்ணு கர்ப்பப்பைக்கு ஊசி போட்டுக்கினு வந்துகீது, அதுக்குத்தான் கட்னேன்’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள். அத்தை பழத்தைப் படல் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார். வேதகிரி பின்னாலேயே போய்விட்டார்.

சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் என்ன கோளாறு என்று ஆளாளுக்கு ஒரு கதை. அப்பா என்னோடு பேசுவதில்லை. தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்து போகிறார்.

எனக்கு உன் அண்ணனைப் பிடித்திருந்தது. இதை இப்போது எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அத்தை ஒரு கேள்வி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், கேட்காமல் போனதுதான் வலிக்கிறது. ஆனால் நானாக உத்திரமேரூர் வந்து விளக்கம் சொல்ல மாட்டேன். சொன்னால் தப்பு செய்தவள் ஆகிவிடுவேன். நீயும் எனக்காகப் பேசாதே. இரண்டாவது ஊசியை விடப்போவதும் இல்லை.

இப்போதாவது சொல். நீ போட்டுக்கொண்டாயா?

ஜெயா


சென்னை
13.9.2009

என் அருமை ஜெயா,

இல்லை. போட்டுக்கொள்ளவில்லை.

கல்லூரியிலேயே ஏற்பாடு செய்து பெயர் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். பின்பெஞ்சில் ஒருத்தி, ‘தேவகிக்கு என்ன அவசரம், மாப்பிள்ளை பார்த்தாச்சா’ என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கையை இறக்கிவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன், ‘கல்யாணம் ஆவட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்றாள். அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்தவள் இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறேன். நீ ஊர் வாயையும் வாங்கிக்கொண்டு இரண்டாவது ஊசிக்குத் தயாராகிறாய். உன் தோழி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி வேண்டும் போல இருக்கிறது.

அம்மாவின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. அது என்ன ஊசி என்று அவளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் திரும்பிப் போயிருக்கிறாள். பேசாதே என்று நீ சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன். அண்ணன் ஒரு வரியில் எழுதியிருந்தான்: ‘அம்மா என்னோடும் பேசவில்லை. நான் வேறு பெண் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.’ இதை உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.

தேவகி


மானாம்பதி
8.11.2009

என் தேவகிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் அண்ணன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அவர் உன் ஹாஸ்டல் வாசலில் நிற்பார். நின்றபடியே படிக்காதே, எங்காவது உட்கார். படித்து முடித்துவிட்டு அவரோடு கிளம்பி வா. பயப்படும்படி இல்லை என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் கடைசியில் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டேன். இந்த முறை நானே அம்மாவிடம், ‘வேப்பிலை கட்டும்மா’ என்றேன். அவள் பயந்தாள். ‘ஊரே பேசிக்கினு கீது, இன்னும் வேறயா’ என்றாள். பேசுகிறவர்கள் நேராக வந்து கேட்கட்டும், சொல்கிறேன் என்றேன். நான் சொல்லி முடிக்கும் முன்பே வெளியே கிளை முறியும் சத்தம். அப்பா. இரண்டு மாதமாக என்னோடு பேசாத கன்னியப்பன், துரட்டியை எடுத்து வேப்பங்கொத்து இழுத்துக்கொண்டிருக்கிறார். கொண்டுவந்து என் கையில் கொடுத்து, ‘நல்லா தெரியறா மாதிரி கட்டு’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது தேவகி.

கேட்க வந்தார்கள். முனிரத்தினம் சித்தப்பா மகள், எதிர்வீட்டு மருமகள், கடைசியில் கம்பெனி பஸ் பிரியங்காவே இறங்கி வந்தாள். எல்லோருக்கும் நீ எழுதினதைத்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் உன் அம்மா வந்தார். தனியாக. படலுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறார். நான்தான் வெளியே போனேன். கோபமாக எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று நாக்கைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

‘அன்னிக்கி உன் மேல கோச்சிக்கினு போவல பொண்ணே’ என்றார். ‘வேப்பில கட்டின வூட்ல, இந்த ஒடம்ப வெச்சிக்கினு நான் எப்டி கால வெக்கிறது? பஸ்லயே ஆரம்பிச்சிடுச்சி. நின்னு போயி இத்தினி வருசம் கழிச்சி, மாசி மாசத்துலேருந்து திரும்ப வருது. யாராண்ட சொல்றது? பையனாண்ட சொல்ல முடியுமா? அவ நர்சுக்கு படிக்கிறா, அவளாண்ட சொன்னா படிப்ப வுட்டுட்டு வந்துடுவா. நீ வாசல்லயே கட்டி வெச்சிக்கினு எல்லாருக்கும் சொல்றன்னு கேள்விப்பட்டேன். அதான் உன்னாண்ட வந்தேன்.’

ஆடியில் கோயிலுக்கு வராமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது எதனால் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். என் பெரியம்மாவின் துணி மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காய்ந்தது என் கண் முன்னால் வந்து நின்றது. நேராக வாசலுக்குப் போய், அப்பா ஒடித்துத் தந்த வேப்பிலையை அவிழ்த்துக் கீழே வைத்தேன். ‘இது அம்மன் இல்ல அத்த, வெறும் ஊசி. உள்ள வாங்க’ என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அம்மா தன் பாயை எடுத்துப் போட்டாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்சநேரம் ஒருவரை ஒருவர் பார்த்து அழுதார்கள்.

அன்றைக்கே காஞ்சிபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சதை எடுத்துப் பார்த்தார்கள். உன் ஹாஸ்டலுக்குப் போன் போடுகிறேன் என்றேன், ரிசல்ட் வரட்டும் என்று அத்தை சத்தியம் வாங்கிக்கொண்டார். நேற்று வந்தது. அந்த நோய்தான் தேவகி. ஆனால் ஆரம்பம். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ‘கொஞ்ச வருஷம் பொறுத்து வந்திருந்தா கஷ்டம்’ என்றும் சொன்னார். அத்தை என்னைப் பார்த்தார். நான் எல்லம்மாள் பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன்.

வேதகிரியிடம் நான்தான் சொன்னேன், அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உன் அண்ணன் கேட்டுவிட்டு வெளியே போய், ஆஸ்பத்திரிச் சாமான் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார். விலக்குக்கு வைக்கிற துணிக்கட்டைக் கூட அவரே வாங்கினார். அந்த மனுஷனை எனக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துவிட்டது.

உன்னிடம் சொல்லவில்லையே என்று அம்மாவிடம் கோபித்துக்கொள்ளாதே. கிளம்பி வா.

ஜெயா


சென்னை
31.1.2010

பேரன்புள்ள அண்ணிக்கு,

வைகாசியில்தானே கல்யாணம், அதற்குள் என்ன அண்ணி என்று முறைக்காதே. எழுதிப் பழகிக்கொள்கிறேன். ‘டி’ போடுவதை மட்டும் விட முடியாது, அதற்கு உன் மாமியார் அனுமதி உண்டு.

அம்மா எழுந்து நடமாடுவதை அண்ணன் சொன்னான். ஆபரேஷன் முடிந்த அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில், படித்ததெல்லாம் மறந்துபோய் நின்றேன். நீதான் உள்ளே இருந்தாய். பெரியம்மாவுக்குச் செய்த மாதிரியே கூசாமல் துணி மாற்றிவிட்டு வெளியே வந்து, ‘போய்ப் பாருடி, நல்லாத்தான் கீறாங்க’ என்றாய். இத்தனை வருஷம் உன்னைப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உன்னைக் கும்பிடத் தோன்றியது. நேரில் சொன்னால் அடிப்பாய் என்று எழுதுகிறேன்.

நீ கேட்டுக்கொண்டே இருந்த கேள்விக்கு இன்றைக்குப் பதில். நேற்று எனக்கு முதல் ஊசி. பெயர் கொடுக்கிற அன்று பின்பெஞ்சிலிருந்து அதே குரல், ‘மாப்பிள்ளை பார்த்தாச்சா’ என்றது. ‘எங்க அம்மாவைப் பார்த்தேன்’ என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சாயந்திரம் அண்ணன் வந்தான். அம்மா கொடுத்தனுப்பிய பையில் எள்ளுருண்டை, மோர் மிளகாய், அடியில் ஈரத்துணி சுற்றி ஒரு வேப்பங்கொத்து. ‘ரூம் வாசல்ல கட்டச் சொன்னாங்க. நல்லா தெரியறா மாதிரியாம்’ என்றான், பாதிச் சிரிப்போடு.

கட்டினேன். இன்று காலை வார்டன் அலறிக்கொண்டு வந்தார், ஹாஸ்டலுக்குள் அம்மை வந்துவிட்டது என்று. என்னை நெற்றியில் தொட்டுப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார்.

“யாருக்கும் அம்மை இல்லை மேடம். நேற்று ஊசி போட்டுக்கொண்டேன், அதற்குக் கட்டினது” என்றேன்.

“ஊசிக்கு யாராவது வேப்பிலை கட்டுவார்களா? இது எந்த ஊர் வழக்கம்?”

“எங்கள் அண்ணி வீட்டு வழக்கம் மேடம்” என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவுக்கு வெளியே மூன்று பெண்கள் நின்று அந்த வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி பின்பெஞ்சுக்காரி. என்ன ஊசி என்று கேட்கிறாள். போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உன் நாத்தனார்,
தேவகி